ஒன்ஸ்மோர் கேட்காத ஊர்

சத்தியம், சத்தியம், இன்னொரு தரமும் சத்தியம்! உள்ளங்கையில் கற்பூரத்தைக் கொளுத்தி வைத்துக் கேட்டாலும், கடலில் கழுத்தளவு தண்ணீரில் நிறுத்திக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். ஒரு சொல் கூட்டியிருந்தால் என் வாயில் மிச்சமிருக்கிற பற்கள் இந்த நிமிஷமே உதிர்ந்து மடியில் விழட்டும். பாருங்கள், விழவில்லை. நம்பாதவர்கள் எழுந்து போகலாம், கதவு திறந்துதான் கிடக்கிறது. ஆனால் பொழுது சாய்கிற நேரம், கடற்கரை வழியாகப் போகாதீர்கள், போனாலும் யாராவது கைதட்டினால் திரும்பிப் பார்க்காதீர்கள்.

தெற்குக் கரையில் தோணித்துறை என்று ஓர் ஊர். அங்கே ஒரு மாசி மாதத்து மாலையில், வள்ளங்களெல்லாம் கரையேறி, மீன் ஏலம் முடிந்து, ஏலம் விட்டவளும் எடுத்தவளும் பாக்கிச் சண்டையை நாளைக்கு வைத்துக்கொள்வோம் என்று கூடையைத் தலையில் தூக்கிய நேரத்தில், கடல் கைதட்டியது. அலைச் சத்தமாக இருக்கும் என்பீர்கள். அலையின் சத்தம் அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாதா? இது கைதட்டல். முதலில் ஓரத்தில் யாரோ ஒருவன் துணிந்து தட்ட, பக்கத்திலிருப்பவன் சேர்ந்துகொள்ள, பிறகு பின்வரிசை, பிறகு தரை டிக்கெட்டு, பிறகு கொட்டகை முழுக்கப் பிடித்துக்கொண்டு, மழை தகரத்தில் விழுவதுபோல் விழுந்து, கொஞ்சங் கொஞ்சமாக ஓய்ந்து, கடைசியில் எவனோ ஒரு ரசிகன் மனசு வராமல் தனியாக ரெண்டு தட்டுத் தட்டி நிறுத்துவானே, அதே கைதட்டல்.

அந்தச் சத்தம் கேட்டபோது கான கோமளம் தில்லைநாயகி தன் வீட்டு முற்றத்தில் மரமுக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்று செண்பகம் அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். தில்லைநாயகியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்குத் தெரியாவிட்டாலும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு காலத்தில் தீப்பெட்டியில் அவள் முகம், காலண்டரில் அவள் முகம், கல்யாண வீட்டுக் கிராமபோனில் அவள் குரல். நாடகத்தில் கொடிகட்டிப் பறந்து, சினிமாவில் சில படம் நடித்து, ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் ஊருக்குத் திரும்பி வாயை மூடியவள்தான். அதற்குப் பிறகு அவள் பாடி, அடுப்படிப் பல்லிகூடக் கேட்டதில்லை. செண்பகம் நாடகக் கம்பெனிக் காலத்திலிருந்து அவளுக்குச் சிகை அலங்காரம் செய்தவள். இப்போது மீதமிருக்கிற நரைமுடிக்கும் அதே பயபக்தியோடு பின்னல் போடுபவள்.

"அக்கா, கேட்டியா? யாரோ கைதட்டுதாங்க."

"உனக்குக் காதுல குரும்பி அடைச்சிருக்குட்டி. எடு."

அப்படிச் சொன்னாளே தவிர, தில்லைநாயகியின் கை தானாக நெஞ்சுக்கு ஏறிக் கும்பிடப் போயிற்று. மேடையில் வளர்ந்த கை அல்லவா! அவள் அதை மற்றொரு கையால் பிடித்து மடியில் அமுக்கிக்கொண்டாள். ஏனென்றால் அந்தக் கைதட்டல் யாருடையது, யாருக்கு வந்தது, இத்தனை வருஷம் தாமதித்து ஏன் வருகிறது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஊர் என்ன செய்தது? ஊர் எதைத்தான் விட்டது, இதை விடுவதற்கு! முதல் வாரம் பயந்தது, இரண்டாம் வாரம் பழகியது, மூன்றாம் வாரம் கேட்க வந்த கூட்டத்துக்குக் கடலை வறுத்து விற்க ஆரம்பித்தது. சாமியாடி, இது கடல்கன்னி என்றார். கோயில் பங்குச் சாமியார், இது வானதூதர் என்றார். மாலையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான் கேட்டார்கள். பஸ் நிறுத்தத்துக் கரும்பலகையில் பஸ் நேரத்துக்குக் கீழே கைதட்டல் நேரத்தையும் எழுதினார்கள், பஸ் தவறினாலும் அது தவறியதில்லை. கல்யாணங்கள் காலை முகூர்த்தத்தை விட்டு மாலைக்கு மாறின. மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருப்பான், நாதஸ்வரக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார், சத்தம் எழும்பியதும் முடிச்சு விழும். கடல் தட்டிய கல்யாணம் என்று அக்கம்பக்கத்து ஊர்களில் ஒரு மவுசு. பத்தாம் வகுப்பில் மூன்றாம் தடவையாகத் தவறியவனை அவன் தகப்பன் கரைக்குக் கூட்டிப்போய், உனக்காகவும் ஒருத்தர் தட்டுவதைக் கேட்டுக்கொள் என்று நிறுத்தினான். காதுகுத்து, பஞ்சாயத்து, மாமியார் சாவு, எல்லாவற்றுக்கும் கடல் தட்டியது. வாழ்க்கையில் ஒரு தடவைகூட யாரும் தட்டிக்கொடுக்காத மனிதர்கள் அந்த ஊரில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் கையைக் கழுவிவிட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தனித்தனியாக வந்து அலையின் முன்னால் நின்றுவிட்டுப் போனார்கள்.

பேரூராட்சித் தலைவர் ஞானதிரவியம் மட்டும் தனியாக நிற்கிற ஆள் இல்லை. அவர் கரையில் மேடை போட்டார். கடலரசன் சவுண்ட் சர்வீஸ் பிச்சையா ஊதுகுழல் ஸ்பீக்கரைக் கட்டினான். தலைவர் குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேசிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்து, சரியாக, "நான் செய்யவில்லையா?" என்று கேட்டு நிறுத்த, கடல் இடித்தது. தலைவர் உருகிப்போனார். கை இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிக் கடலைப் பார்த்துக் கும்பிட்டார். அதுவரை கேட்டவர்கள் எல்லாம் கேட்டார்கள், அவ்வளவுதான். கும்பிட்டு அதை வாங்கிக்கொண்ட முதல் ஆள் அவர்.

மறுநாளிலிருந்து தலைவர் நடந்த இடமெல்லாம் ஈரக் காலடி விழுந்தது. செருப்புப் போட்டாலும் விழுந்தது. அவர் மனைவி துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை வியாதிக்கு இப்படியும் ஒரு குணம் இருக்கும் என்று விட்டுவிட்டாள். பிறகு புருவத்தில் உப்புப் பூத்தது. பிறகு ஒரு மாலை, கைதட்டல் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, மாலை வாங்கப் போகிற மனிதனைப்போல வேட்டியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு பக்கமும் சிரித்துத் தலையாட்டிக்கொண்டு, தலைவர் தண்ணீருக்குள் நடந்தார். முழங்கால், இடுப்பு, மார்பு. எல்லோரும் பார்த்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. மரியாதை வாங்கப் போகிற ஆளை நடுவில் எப்படிக் கூப்பிடுவது?

இரங்கல் கூட்டத்தை அதே மேடையில் போட்டார்கள். மௌன அஞ்சலியின்போது கடல் தட்டியது. பெரிய மனிதனுக்குப் பெரிய மரியாதை என்று எதிர்க்கட்சிக்காரனே கண்ணைத் துடைத்தான், துடைத்துவிட்டுக் கும்பிட்டான். அவனும் போனான். பேண்டு வாத்தியார் சிலுவைமுத்து போனார், கடல் தட்டிய கல்யாணத்தில் மாலையோடு கும்பிட்ட ஒரு ஜோடி போயிற்று. ஒவ்வொருத்தருக்கும் ஊர் ஒரு காரணம் வைத்திருந்தது. கைதட்டல் மட்டும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்டே வந்தது. முன்பு அடிவானத்தில் கேட்டது, பிறகு பாறைகளுக்கு அப்பால் கேட்டது, பிறகு நங்கூரம் போடுகிற இடத்தில் கேட்டது.

தில்லைநாயகி கடல் பக்கத்து ஜன்னல்களை அடைத்தாள். இடுக்குகளில் பழைய பட்டுப் புடவைகளைக் கிழித்துத் திணித்தாள். ஒருநாள் காலை செண்பகம் முற்றத்தைக் கடந்து வரும்போது, பின்னாலேயே ஈரக் காலடிகள் வந்தன.

தில்லைநாயகி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏட்டி, நீ கரைக்குப் போனியா?"

"போனேன்."

"கும்பிட்டியா?"

செண்பகம் சீப்பைக் கீழே வைத்தாள். காதோரம் வெள்ளையாக மின்னியது நரையில்லை, உப்பு.

"ஆமா, கும்பிட்டேன். என்ன இப்போ? உன் கொண்டைக்குத் தட்டினாங்க, உன் மூக்குத்திக்குத் தட்டினாங்க, நான் வச்ச பூவுக்குத் தட்டினாங்க. பக்கப்படுதாவுக்குப் பின்னால வாயில கொண்டை ஊசியைக் கடிச்சுக்கிட்டு நின்னவளுக்கு எவன் தட்டினான்? ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கும்பிடு. அதுக்குப் போயி மூஞ்சியைத் தூக்கிவச்சிக்கிட்டு!"

"அது உனக்கு வந்ததில்லட்டி. எனக்கு வந்தது."

"பாத்தியா! கடல்ல தட்டினாலும் உனக்குத்தானா? கிழவியான பொறவும் கொழுப்பு அடங்கல."

"உக்காரு," என்றாள் தில்லைநாயகி. "உக்காரு. ஒரு விஷயம் சொல்லணும். சொன்ன பிறகு நீ என்னைச் சீப்பால குத்தினாலும் சரி."

அவள் சொன்னது இதுதான். வெள்ளைக்காரன் சண்டை நடந்த காலம். ஊருக்கெல்லாம் இருட்டடிப்பு, விளக்கேற்றக் கூடாது. அதனால் தோணித்துறைக் கடற்கரைத் தகரக் கொட்டகையில் நாடகத்தைப் பட்டப்பகலில் ஆரம்பித்துப் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுவார்கள். கரையிலிருந்து தோணிகள் அரிசியும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு, பட்டாளத்துக்குச் சாமான் கொண்டுபோகும். வெளியே ஆழத்தில் எதிரியின் நீர்மூழ்கி பதுங்கியிருக்கும். அது எந்த நாள் வரும், எந்த நாள் வராது என்று ஊரிலேயே ஒருத்தனுக்குத் தெரியும், கொப்பரை வியாபாரி ரத்தினசபாபதி, எதிரிக்குத் துப்புச் சொல்லுகிறவன். அவன் தில்லைநாயகிக்குப் பித்துப்பிடித்த ரசிகன். தினமும் வேஷம் போடும் அறைக்கு மல்லிகைப் பந்தோடு வருவான். அப்போதுதான் பட்டாளத்துக் கேப்டன் குருவிளா, நாடகம் பார்க்க வந்ததுபோல வந்து அவளிடம் பேசினார். "ரகசியப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, அம்மா. அதில் உங்களை மாதிரி ஊர் பார்க்கிற ஆளுக்குத்தான் இடம். ஊரே பார்க்கிற ஆளை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க." அவளுக்கு அந்தப் பேச்சு பிடித்தது. தேசபக்தி என்று பிற்பாடு அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாலும், அன்றைக்குப் பிடித்தது என்னவோ அந்தப் பேச்சுத்தான்.

வேலை எளிது. மல்லிகையை வாங்கிக்கொண்டே, "இன்னைக்கு உங்க சரக்குத் தோணி போகுதா, முதலாளி?" என்று கேட்பாள். போகிறது என்றால் கடலில் ஆபத்தில்லை. இல்லை, இன்றைக்கு ஏற்றவில்லை என்று அவன் இழுத்தால், நீர்மூழ்கி கிட்டே இருக்கிறது. பிறகு மேடையில், கடைசிக் காட்சியில், அக்கரை விளக்குப் பாட்டு வரும். கொட்டகைக் கூரைமேல் கடலைப் பார்த்து ஒரு ஊதுகுழல் ஸ்பீக்கர். நங்கூரத்தில் நிற்கிற தோணிக்காரர்கள் காதில் அது துல்லியமாக விழும். பாட்டு ஒரு முறையோடு நின்றால், அசையாதே. இரண்டாம் முறையும் கேட்டால், நங்கூரத்தைத் தூக்கு. அதற்கும் ஒரு சாக்கு வேண்டுமே. அதனால் கேப்டன் கூட்டத்தில் ஒரு ஆளை உட்காரவைத்தார், டிக்கெட்டுக் கிழிக்கிற வெண்கலத்தொண்டை வீராசாமி. போகலாம் என்ற நாளில் அவள் மூக்குத்தியைத் தொடுவாள், அவன் "ஒன்ஸ்மோர்!" என்று கத்துவான், கூட்டமும் சேர்ந்து கத்தும், அவள் மறுபடி பாடுவாள். போகக் கூடாத நாளில் அவன் வாயைத் திறக்கக் கூடாது. நாடகம் பார்க்கிறவர்கள் ஒன்ஸ்மோர் கேட்பதும், கேட்டால் நடிகை மறுக்காமல் பாடுவதும் ஊர் உலகத்து வழக்கம். அதில் யார் துப்புப் பார்ப்பார்கள்?

"ஆனா ஜனங்களுக்குப் பழகிப்போச்சுட்டி," என்றாள் தில்லைநாயகி. "தினம் கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு. அன்னைக்கு ரத்தினசபாபதி ஏத்தலைன்னுட்டான். நான் ஒரே முறை பாடி நிறுத்தினேன். மூக்குத்தியைத் தொடல. வீராசாமி துண்டை வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான், நான் பாத்தேன். ஆனா அன்னைக்குப் பாட்டு என்னைக்கும் இல்லாத மாதிரி அமைஞ்சுபோச்சு. எங்கிருந்தோ ஒரு குரல் ஒன்ஸ்மோர்னுச்சு. அவ்வளவுதான், கொட்டகையே எந்திரிச்சுது. துண்டு பறக்குது, தொப்பி பறக்குது. எவனும் சொல்லிக் குடுக்காம, காசு குடுக்காம, அவங்களா கேட்ட ஒன்ஸ்மோர். அதுக்கு நான் ஏங்கிக் கிடந்தேன்ட்டி. என் தொண்டை என்னைக் கேக்காமலே திறந்துக்கிச்சு."

தோணிகள் நங்கூரத்தைத் தூக்கின. போகிறபோது தோணிக்காரர்கள் பாய்மரத்தடியில் நின்று அவள் பாட்டுக்குக் கைதட்டினார்கள். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்ததால் அந்தச் சத்தம் அன்றைக்கு வந்து சேரவில்லை. தட்டிக்கொண்டே போனவர்கள் தட்டிக்கொண்டே மூழ்கினார்கள். கேப்டன் வந்து, எல்லாத் தோணியும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது, அப்படித்தான் சொல்ல வேண்டும் என்றார். ஒரு பதக்கத்தைக் கொடுத்து அதையும் யாருக்கும் காட்டக் கூடாது என்றார். திரும்பி வராத ஆட்கள் கொழும்பில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சைக் கிளப்பியதும் அவர்தான். தோணித்துறைப் பெண்கள் அதை நம்பி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மண்ணை வாரித் தூற்றினார்கள்.

செண்பகம் கீழே வைத்த சீப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"என் வீட்டுக்காரரும் அதுலதானே போனாரு?"

"ஆமா."

"கொழும்புல தேயிலைத் தோட்டத்துக்காரி ஒருத்தியோட இருக்கான்னுதானே சொன்னாங்க. நானும் என்னென்ன சாபம் விட்டிருக்கேன், அக்கா! அவ பல்லு விழணும், இவன் கால் அழுகணும்... செத்தவனைப் போயி. உன் தலையை வாரிக்கிட்டே விட்டிருக்கேன். நீ கேட்டுக்கிட்டே குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருந்தியே!"

"உக்காந்திருந்தேன்."

"சரி, முதல்ல அந்த ஒன்ஸ்மோரைக் கேட்டது எவன்? அந்தப் பயல் யாரு?"

தில்லைநாயகி அவளைப் பார்த்தாள். அந்தக் குரல் கூட்டத்திலிருந்து வரவில்லை. பக்கப்படுதாவுக்குப் பின்னாலிருந்து வந்தது. இளங்குரல், கொண்டை ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பாட்டில் மயங்கி, தான் எங்கே நிற்கிறோம் என்பதையே மறந்து கூவிய குரல். கூவியவளுக்கு அது அப்போதே மறந்துவிட்டது, கொட்டகை போட்ட இரைச்சலில் தன் குரலே தனக்குக் கேட்டிருக்காது.

"கூட்டம்ட்டி," என்றாள் தில்லைநாயகி. "கூட்டத்துல யாருன்னு கண்டது?"

அன்று மாலை அவள் அலங்காரம் செய்யச் சொன்னாள். செண்பகம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே செய்தாள். சவுரி வைத்து, குஞ்சலம் கட்டி, பழைய மூக்குத்தியைத் தேய்த்துப் போட்டு, இடையில் நாலு தரம், "உன் முகத்தைப் பாக்கவே பிடிக்கல, இந்தப் பக்கம் திருப்பு" என்று மோவாயைப் பிடித்துத் திருப்பினாள். இரண்டு கிழவிகளும் கரைக்குப் போனபோது ஊர் வாயைப் பிளந்தது. பிச்சையா ஓடிவந்து மைக்கை வைத்தான். கடல் நங்கூரம் போடுகிற இடத்திலிருந்து தட்டிக்கொண்டிருந்தது.

தில்லைநாயகி மூக்குத்தியைத் தொடாமல் பாடினாள்.

*அக்கரை விளக்கே, அவசரம் வேண்டாம்,*
*இக்கரை இருக்கிறேன், இன்னும் வரவில்லை.*

குரல் கிழிந்துதான் இருந்தது. ஆனால் கிழிந்த பாயிலும் காற்று ஏறுமல்லவா, அப்படி ஏறியது. அவள் பாட்டை ஒரு முறை பாடி முடித்தாள். கைதட்டல் நின்றது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் படுத்தது. அசையாதே என்று அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்றைக்குச் சொல்லிவிட்டாள், அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். அவள் பக்கத்தில் நின்ற செண்பகத்தின் காலடி மணல் காய்ந்திருந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து, "ஒன்ஸ்மோர்!"

ஊர்தான். எத்தனை வருஷம் கழித்துக் கேட்ட குரல்! கடலைக்காரன் கத்தினான், சாமியாடி கத்தினார், பங்குச் சாமியார் குடையைத் தூக்கிக் கத்தினார், துண்டு பறந்தது. தில்லைநாயகியின் தொண்டை அசைந்தது. செண்பகம் அதைப் பார்த்தாள். கேட்டால் மறுக்கக் கூடாது என்று பால்குடி மறந்த நாளிலிருந்து பழக்கிய தொண்டை. தில்லைநாயகி நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்தாள். கடைவாயில் ரத்தம் வழிய, செண்பகத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே வீட்டுக்கு நடந்தாள்.

"என்னம்மா இவ்வளவு கிராக்கி!"

"தீப்பெட்டில படம் வந்தா இப்படித்தான்!"

"ஊரே கேக்குது, ஒரு பாட்டுப் பாடினா வாயில இருக்கிற முத்தா கொட்டிரும்?"

வைதார்கள். ஒருவன் மணலை வாரி எறிந்தான். அதற்குப் பிறகு மாலைகளில் கடல் தட்டவில்லை. நிம்மதியாக இருந்திருக்கலாம், ஆனால் கைதட்டலுக்குப் பழகிய ஊர் அது இல்லாமல் எப்படி இருக்கும்? தாலியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாப்பிள்ளை இருட்டுகிற மட்டும் நின்றான். உப்பள ஆட்கள் பொத்தான் போட்ட சட்டையோடு வந்து, சும்மா நின்று, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்கள். கிழவி கடலைக் கெடுத்துவிட்டாள் என்று ஊர் பேசியது. செண்பகம் தண்ணீர்க் குழாயடியில் எல்லோரோடும் மல்லுக்கு நின்றாள். இன்ன காரணம் என்று அவளும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நம்பவும் மாட்டார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சவுண்ட் சர்வீஸ் பிச்சையாவுக்கு அந்த நினைப்பு வந்தது. கெட்டவனில்லை. ஊர் முகம் வாடினால் தாங்கமாட்டான், அவ்வளவுதான். மேடையில் யார் பேசினாலும் பாடினாலும் டேப்பில் பிடித்துவைத்துக்கொள்வது அவன் தொழில் வழக்கம். அன்றைக்கு அக்கரை விளக்கையும் பிடித்திருந்தான். அவள் பாடாவிட்டால் என்ன, நாம் போடுவோம் என்று, ஒரு மாலை, ஊரையெல்லாம் கூட்டிவைத்து, ஊதுகுழலைக் கடல் பக்கம் திருப்பிக் கேசட்டைப் போட்டான்.

தில்லைநாயகி அடைத்த ஜன்னலுக்குப் பின்னால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். தன் குரல் இரண்டாம் முறையாகக் கடலுக்குப் போவதைக் கேட்டாள். கிண்ணம் கீழே விழுந்தது.

அவள் ஓடினாள், அந்த வயதில் ஓடினாள். கரைக்குப் போகும்போது பாட்டு முடிந்திருந்தது. கடலுக்குள்ளே சங்கிலிகள் கரகரவென்று இழுபடுகிற சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக, நீளமாக. பிறகு மங்கலுக்குள்ளிருந்து பாய்கள் எழுந்தன. கறுத்து, பாசி தொங்கி, காற்றில்லாமலே புடைத்த பாய்கள். தோணிகள் கரையைப் பார்த்துத்தான் திரும்பியிருந்தன. ஒவ்வொன்றின் பாய்மரத்தடியிலும் ஆட்கள் நின்று கைதட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு முகம் தெரியவில்லை, கை மட்டும் தெரிந்தது.

ஊர் என்ன செய்தது? ஆனந்தக் கண்ணீர் விட்டது. போன மரியாதை திரும்பி வந்ததென்று, கரையில் நின்ற அத்தனை பேரும், கைக்குழந்தையின் கையைச் சேர்த்துப் பிடித்த தாய் உட்பட, ஒரே நேரத்தில் கும்பிட்டார்கள். கும்பிட்ட கை கும்பிட்டபடி, சிரித்த முகம் சிரித்தபடி, ஊர் மொத்தமும் தண்ணீருக்குள் ஒரு அடி எடுத்துவைத்தது. முன்வரிசையில் செண்பகம். அவளையும் யாரோ கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள், அல்லது அவள் புருஷனைப் பார்க்கலாமென்று தானாகவே போயிருந்தாள்.

தில்லைநாயகி கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு போனாள். செண்பகத்தின் கொண்டையைப் பிடித்து இழுத்து மணலில் தள்ளினாள்.

"எந்திரிச்சு வந்தேன்னா கொன்னுருவேன். எனக்கு வந்த கைதட்டை நீ யாருட்டி வாங்கறதுக்கு?"

"அக்கா, தலையில பூ இல்லாம போறியே!" என்றாள் செண்பகம். அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது அதுதான்.

தில்லைநாயகி எல்லோரையும் தாண்டி இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றாள். முந்தானையைச் செருகினாள். மேடையில் நுழைகிற நடிகை எப்படிச் செய்வாளோ அப்படி, முதலில் தரை டிக்கெட்டுக்கு, பிறகு பெஞ்சுக்கு, பிறகு நாற்காலிக்கு என்று மூன்று பக்கமும் திரும்பித் திரும்பி நெஞ்சில் கைவைத்துக் கும்பிட்டாள். கைதட்டல் ஒரு கணம் தடுமாறியது. உடனே அடையாளம் கண்டுகொண்டது. அதுவரை எத்தனையோ பேர் கும்பிட்டார்கள், யாருக்கென்று தெரியாமல் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போனது. இப்போது வேண்டிய ஆள் வந்துவிட்டாள். அந்த மாலை எழுந்த கைதட்டலைப்போல எந்த நடிகைக்கும் எந்தக் கொட்டகையிலும் எழுந்ததில்லை. கரையில் தென்னைகள் குனிந்தன, வீட்டு ஓடுகள் அதிர்ந்தன. அவள் சிரித்தாள் என்றுதான் சொல்கிறார்கள். தோணிகள் அவளைச் சுற்றி வட்டமடித்து, மூக்கைத் திருப்பிக்கொண்டு ஆழத்துக்குப் போயின. அவள் நின்ற இடத்தில் மூக்குத்தி அளவுக்கு ஒரு வெளிச்சம் கொஞ்சநேரம் மிதந்து அணைந்தது.

முழங்கால் நனைந்து நின்ற ஊர், தூக்கத்தில் எழுந்ததுபோல் விழித்துக்கொண்டு, எதற்காக வந்தோம் என்று ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிற்று. தில்லைநாயகி எங்கே என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், மெட்ராஸில் ஷூட்டிங் என்றார்கள். ஆனால் எதுவும் தெரியாதென்று சொல்லிவிடவும் முடியாது. இன்றைக்கும் தோணித்துறையில் கச்சேரி நடக்கும், நாடகம் நடக்கும், எப்பேர்ப்பட்ட பாட்டானாலும் ஒருத்தரும் ஒன்ஸ்மோர் கேட்பதில்லை. கைதட்டுவதுமில்லை. வெளியூர்ப் பாடகர்கள் முகம் செத்துப்போய், இது என்ன பிணங்கள் வாழும் ஊரா என்று வைதுகொண்டு பஸ் ஏறுவார்கள்.

மாசி மாதத்தில் சில மாலைகளில் கடலிலிருந்து பாட்டு வரும். ஒரே முறை. முடிந்த பிறகு ஒரு நிசப்தம் விழும் பாருங்கள், அதுதான் பயம். யாரோ கேட்பார்கள் என்று கடல் காத்திருக்கிற நிசப்தம். செண்பகம் கரையில் பூப்பந்தை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் அக்குளுக்குள் இறுக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு தரமும் அவள் வாய் லேசாகத் திறக்கப் பார்க்கும். ஒவ்வொரு தரமும் மூடிக்கொள்வாள். ஏன் தனக்கு மட்டும் இப்படித் தொண்டை வரைக்கும் வருகிறது என்று அவளுக்குத் தெரியாது.

பிச்சையாவின் கேசட்டு எங்கே போயிற்றென்றும் தெரியவில்லை. பழைய பாட்டுக் கேசட்டுகளோடு எங்காவது சந்தையில் கிடக்கும். உங்கள் கைக்கு வந்தால் ஒரு முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் கூவியது யார் என்பதெல்லாம் உனக்கு எப்படியப்பா தெரியும் என்று முறைக்காதீர்கள். வாய்க்குள் துண்டைத் திணித்துக்கொண்டு ஒருத்தன் உட்கார்ந்திருந்தால், அவனுக்குக் காது கூர்மையாகிவிடும், அவ்வளவுதான் சொல்வேன். கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், கூட்டிக் குறைத்துக்கூடச் சொல்லுங்கள். ஆனால் சொன்னவன் இன்னார் என்று மட்டும் யாரிடமும் மூச்சுவிடாதீர்கள். தோணித்துறைப் பக்கம் போனால் அறவே வேண்டாம். என் பேர் காதில் விழுந்தால் அவள் நேரே என்னைத் தேடி வந்து கேட்பாள். அவள் கேட்டால் என்னால் பொய் சொல்ல முடியாது. செண்பகம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள்.